பத்திரத்தில் ‘புத்திர பௌத்திர’ என்று இருந்தால் பெண்களுக்குப் பங்கு இல்லையா?

கேள்வி: ஐயா, எங்கள் தாத்தா 1934-இல் கும்பகோணம் தாலுகாவில் 6 மா நன்செய் வாங்கினார். பாட்டி முன்பே காலமாகிவிட்டார். தாத்தா 1949-இல் தவறினார். அவருக்குப் பெரியப்பா, அப்பா என்று இரண்டே மகன்கள். நிலத்தைப் பங்கு பிரிக்கவே இல்லை. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. பெரியப்பா இப்போது இல்லை. அப்பா 2016-இலும் அம்மா 2021-இலும் காலமானார்கள். நானும் தங்கையும் மட்டும்தான். பெரியப்பா மகன் தாத்தாவின் கிரயப் பத்திரத்தைக் காட்டி, “புத்திர பௌத்திர பாரம்பரியமாய் என்று எழுதியிருக்கிறது. மகன், பேரன் வழிதான் போகும், பெண்களுக்குப் பங்கில்லை” என்கிறார். அந்தப் பத்திரத்தில் “நிதி நிக்ஷேப ஜல தரு பாஷாண” என்றெல்லாம் வருகிறது. ஒன்றும் புரியவில்லை. எல்லையில் “வாய்க்காலுக்கு வடக்கு” என்று இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தால் வாய்க்கால் நிலத்துக்குத் தெற்கே ஓடுகிறது. வேறு நிலத்தின் பத்திரமோ என்று பயமாக இருக்கிறது. 1951-இல் அப்பாவும் பெரியப்பாவும் இதில் 2 மாவை ஒத்தி வைத்த பத்திரமும் பெட்டியில் கிடைத்தது. அது போனது போனதுதான் என்கிறார்கள். இந்தச் சொற்களுக்கெல்லாம் என்ன அர்த்தம்? பழைய பத்திரங்களை லேமினேட் செய்து வைக்கலாமா?

— ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் அண்ணன் சொல்வது சரியில்லை. அந்த மூன்று சொற்களை வைத்து உங்கள் இருவரையும் யாராலும் ஒதுக்க முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படிக்கலாம்.

நீங்கள் தட்டச்சு செய்து அனுப்பிய வரியை அப்படியே தருகிறேன். தங்கள் வீட்டுப் பெட்டியில் இதே வரியை வைத்திருக்கும் வாசகர்கள் நிறைய இருப்பார்கள். “மேற்படி பூமியை நிதி நிக்ஷேப ஜல தரு பாஷாண அக்ஷிணி ஆகாமி சித்த சாத்தியம் என்னும் அஷ்டபோக தேஜஸ்வாமியங்களுடன் தானாதி விநியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆசந்திரார்க்கமாய் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக் கொள்வீராகவும்.”

மூச்சு வாங்குகிறது, இல்லையா? இவ்வளவு நீள வரி சட்டத்துக்குச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: நிலம் முழு உரிமையோடு, எந்த நிபந்தனையும் இல்லாமல் உங்கள் தாத்தாவுக்குப் போய்விட்டது. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே பிய்த்து எடுத்து அதிலிருந்து ஓர் உரிமையையோ தடையையோ உண்டாக்கப் பார்ப்பதுதான் உங்கள் அண்ணன் செய்கிற வேலை.

இந்தச் சொற்கள் வந்த வழியைப் பார்த்தால் விஷயம் விளங்கும். அஷ்டபோகம் என்பது அரசர்களின் பேச்சு. விஜயநகர அரசர்கள் ஒரு கிராமத்தைக் கோயிலுக்கோ பிராமணர்களுக்கோ தானம் கொடுக்கும்போது செப்பேட்டில் இந்த எட்டையும் எழுதினார்கள். நிதி என்றால் புதையல். நிக்ஷேபம் என்றால் யாரோ பத்திரமாக வைத்துவிட்டுப் போன பொருள். ஜலம் தண்ணீர். பாஷாணம் இங்கே விஷமல்ல, கல். அக்ஷிணி இப்போது குறைவில்லாமல் வந்துகொண்டிருக்கும் பலன், ஆகாமி இனி வரப்போவது. சித்தம் ஏற்கெனவே விளைவதற்குத் தயாராக இருப்பது, சாத்தியம் பாடுபட்டால் ஆகக்கூடியது. உங்கள் பத்திரத்தில் எட்டு என்று சொல்லிவிட்டு ஒன்பது இருக்கிறது, கவனித்தீர்களா? எழுதியவர் மரத்தையும் விடக் கூடாதென்று ‘தரு’வை நுழைத்திருக்கிறார்.

ராஜாவுக்கு இந்தப் பட்டியல் தேவைப்பட்டது. ஊரில் கிடைக்கும் புதையல், மரம், நீர் இவற்றின் மேல் அவருக்குத் தனி உரிமை இருந்தது. “ஊரைக் கொடுத்தேன்” என்று மட்டும் சொன்னால் அவையெல்லாம் அரண்மனையிலேயே தங்கிவிடும். அதனால் எதை எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அவர்களுக்கு முன்னால் சோழர் காலத்துச் சாசனங்களிலும் இதே காரியம் நடந்திருக்கிறது, அழகான தமிழில். “மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும்” என்பார்கள். “உடும்போடி ஆமை தவழ்ந்தது” எல்லாம் சேர்த்து என்பார்கள், அதாவது உடும்பு ஓடும் மேடும் ஆமை ஊரும் பள்ளமும். எனக்கென்னவோ நிதி நிக்ஷேபத்தைவிட உடும்பும் ஆமையும்தான் பிடிக்கும். நிலம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆசந்திரார்க்கம் என்று உங்கள் பத்திரத்தில் இருப்பதும் கல்வெட்டுகளில் ‘சந்திராதித்தவல்’ என்று வரும். சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று பொருள்.

சோழர் கால விற்பனைச் சாசனங்களில் இன்னொரு வாசகம் உண்டு: “இதுவே விலையோலை ஆவதாகவும், இதுவே பொருள் மாவறுதிப் பொருட்செலவோலை ஆவதாகவும்.” விலைக்கும் பணம் பெற்றதற்கும் இந்த ஓலைதான் அத்தாட்சி, இதைத் தவிர வேறு ரசீது காட்டத் தேவையில்லை என்பது கருத்து. இன்றைக்குப் பத்திரத்தில் “கிரயத் தொகையை ரொக்கமாகப் பற்றிக்கொண்டபடியால் இதுவே ரசீதாகும்” என்கிற வகையில் எழுதுகிறோமே, அதற்கும் இதற்கும் இடையில் ஆயிரம் வருஷம் இருக்கிறது. வேலை ஒன்றுதான்.

அரசர்கள் போனார்கள், வாசகங்கள் போகவில்லை. பத்திரம் எழுதுகிறவர் தம் குருவிடம் கற்ற பாடத்தை அப்படியே எழுதினார். அந்தப் பாடத்தை விட்டால் பத்திரம் செல்லாமல் போய்விடுமோ என்ற பயம் விற்பவருக்கும் வாங்குபவருக்கும். விளைவு, 6 மா நிலம் விற்ற ஒரு மிராசுதார், அதாவது சுமார் 2 ஏக்கர்காரர், கிருஷ்ணதேவராயர் கிராமத்தைத் தானம் செய்வது மாதிரி கையெழுத்துப் போட்டிருக்கிறார். (உங்கள் தங்கைக்கு மா கணக்கு தெரியாமல் இருக்கலாம்: 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட்.)

அப்படியானால் நிதி நிக்ஷேபம் என்று எழுதியிருப்பதால் நிலத்தில் புதையல் கிடைத்தால் உங்களுடையதா? இல்லை. இந்தப் பத்திரம் எழுதுவதற்கு 56 வருஷம் முன்பே, 1878-இல், இந்தியப் புதையல் சட்டம் வந்துவிட்டது. மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1934-இல் அந்த வரியை எழுதியவருக்கு விற்கவே உரிமையில்லாத ஒன்றைத்தான் அவர் தாராளமாக விற்றிருக்கிறார். மண்ணை வெட்டி விற்பதும் அப்படியே. பாஷாணம் என்று பத்திரத்தில் இருக்கிறதே என்று கல், கிராவல் எடுக்கக் கிளம்பினால் கனிம வளத்துறை ஆள் வந்து நிற்பார். அனுமதியும் வேண்டும், கட்டணமும் உண்டு.

சொத்து மாற்றுச் சட்டம் 1882-இல் வந்தபோது, அதன் 8-ஆம் பிரிவு இந்த நீண்ட பட்டியலின் வேலையை ஒரே வரியில் முடித்துவிட்டது. வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால், விற்பவருக்கு அந்தச் சொத்தில் என்ன உரிமை இருக்கிறதோ அது முழுவதும், மண்ணோடு ஒட்டிய மரம் கட்டடம் உட்பட, வாங்குபவருக்குப் போய்ச் சேரும். பட்டியல் போட்டாலும் அதே பலன், போடாவிட்டாலும் அதே பலன்.

இப்போது ‘புத்திர பௌத்திர’த்துக்கு வருவோம். மகன், மகனின் மகன் என்பதுதான் அகராதிப் பொருள், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் இதற்கு எதிராக இன்னொரு வாசகம் புழங்கியது: “ஆயுள் பரியந்தம்.” விதவைக்கோ மருமகளுக்கோ நிலம் எழுதும்போது, “உம் ஆயுள் பரியந்தம் அனுபவித்து வரவும், விக்கிரயம் முதலானவை செய்ய உமக்குப் பாத்தியமில்லை” என்று எழுதுவார்கள். அவர் காலமானதும் நிலம் கொடுத்தவர் குடும்பத்துக்கே திரும்பிவிடும். அப்படிப்பட்ட அரைகுறை உரிமை இல்லை இது, உனக்குப் பிறகு உன் வாரிசுகளுக்கும் போகும் முழு உரிமை என்று காட்டுவதற்குத்தான் ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ என்று போட்டார்கள். பக்கத்திலேயே ‘தானாதி விநியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்’ என்று இருக்கிறது பாருங்கள். தானம் கொடுக்கலாம், விற்கலாம், இஷ்டப்படி செய்யலாம் என்று அர்த்தம். மகனுக்கும் பேரனுக்கும் மட்டும்தான் என்று கட்டிப்போட்ட நிலத்தை எப்படி ஐயா யாருக்கு வேண்டுமானாலும் விற்க முடியும்? உங்கள் அண்ணன் இந்த இரண்டு வாசகங்களில் ஒன்றைப் படித்துவிட்டு மற்றதைத் தாண்டிவிட்டார்.

இது என் சொந்த வியாக்கியானம் இல்லை. இதே சொல் வங்காளத்தில் ‘புத்திர பௌத்ராதி கிரமே’ என்று எழுதப்பட்டு, அதற்கு என்ன பொருள் என்ற சண்டை, அன்றைக்கு நம் நாட்டு வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1881-இல், ராம்லால் முகர்ஜி வழக்கில், தீர்ப்பு வந்தது: சொல் ஆண்களைக் குறித்தாலும், இது தலைமுறை தலைமுறையாய் வாரிசுக்குப் போகும் முழு உரிமையைக் குறிக்கும் வழக்கமான வாசகம், சட்டப்படி பெண் வாரிசுக்குப் போக வேண்டிய சொத்து என்றால் பெண் வாரிசும் இதில் அடக்கம். உங்கள் தாத்தா நிலம் வாங்குவதற்கு அரை நூற்றாண்டு முன்பே முடிந்துபோன விவகாரம் இது.

சரி, ஒருவேளை எழுதியவர் உண்மையிலேயே ஆண்களுக்கு மட்டும் என்று நினைத்திருந்தால்? அதற்கும் பதில் உண்டு, இதைவிடச் சுவாரசியமான கதை. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தாகூர் என்று ஒரு பெரிய ஜமீன்தார். அவரே பேர்பெற்ற வக்கீல். மகன் கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்துவிட்டார் என்று கோபம். மகனை ஒதுக்கிவிட்டு, சொத்து இன்ன இன்ன ஆண் வழியில் மட்டுமே போக வேண்டும் என்று, இங்கிலாந்துப் பிரபுக் குடும்பங்களில் செய்கிற மாதிரி, உயில் எழுதி வைத்தார். 1872-இல் பிரிவி கவுன்சில் சொன்னது: சொத்தை யாருக்குக் கொடுப்பது என்பது உங்கள் இஷ்டம், ஆனால் இந்துச் சட்டத்துக்குத் தெரியாத ஒரு புது வாரிசு முறையை நீங்களாக உண்டாக்க முடியாது. தாகூர் வழக்கு என்று இதை இன்றும் சட்டக் கல்லூரியில் படிக்கிறார்கள். சட்டம் கரைத்துக் குடித்த தாகூரே உயிலில் செய்ய முடியாததை, நிலத்தை விற்றுக் காசு வாங்கிக்கொண்டு போன ஒருவர் கிரயப் பத்திரத்தில் செய்துவிட முடியுமா? விற்றவருக்கு உங்கள் குடும்பத்து வாரிசு வழியைத் தீர்மானிக்க என்ன பாத்தியம்?

ஆகவே பங்கு யாருக்கு என்பதற்குப் பத்திரத்தைப் பார்க்கக் கூடாது, வாரிசுரிமைச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். தாத்தா 1949-இல், அதாவது 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு முன்பே, காலமானதால் நிலம் இரண்டு மகன்களுக்கும் பூர்வீகச் சொத்தாக வந்தது. ஆளுக்குப் பாதி. உங்கள் அப்பாவின் பாதி அவருடைய அண்ணன் மகனுக்குத் தாவ வழியே இல்லை. மகள்களை விட்டுச் செல்லும் ஒருவரின் பங்கு அப்படிப் பங்காளிக்குப் போகாது என்பது 1956-லேயே முடிவான சங்கதி. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் 1989-இல் வந்த திருத்தம், நாடு முழுவதற்கும் 9.9.2005 முதல் வந்த திருத்தம், 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது என்று மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை என்பது உறுதியாகிவிட்டது. உங்கள் விஷயத்தில் அவ்வளவு தூரம் போகவே தேவையில்லை. நீங்கள் சொன்ன விவரங்கள் சரியென்றால், அப்பாவின் பாதி உங்களுக்கும் தங்கைக்கும் சரிபாதி. மொத்த நிலத்தில் உங்களுக்குக் கால் பங்கு, அவருக்குக் கால் பங்கு.

எல்லை விஷயத்தில் நீங்கள் பயந்தது வீண். இதில் பத்துக்கு ஐந்து பேர் தடுமாறுகிறார்கள், படித்தவர்கள் உட்பட. பழைய பத்திரத்தில் நான்கெல்லை எழுதும் முறை வேறு. “வாய்க்காலுக்கு வடக்கு” என்றால் வாய்க்கால் வடக்கே இருக்கிறது என்று அர்த்தமல்ல. வாய்க்காலுக்கு வடக்கே நம் நிலம் இருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் வாய்க்கால் நமக்குத் தெற்கில்தான் இருக்க வேண்டும். நீங்கள் பார்த்ததும் அதுதானே! மற்ற மூன்றையும் அப்படியே திருப்பிப் படியுங்கள். “கோயில் நிலத்துக்குக் கிழக்கு” என்றால் கோயில் நிலம் உங்களுக்கு மேற்கே. மேற்கு மாவட்டங்களில் இதைச் செக்குபந்தி என்பார்கள், தெற்கே நான்கு மால் என்பார்கள். படிக்கும் முறை ஒன்றே.

இந்த நான்கு வரிக்கு இருக்கிற மதிப்பு அந்த அஷ்டபோகத்துக்குக் கிடையாது. பத்திரத்தில் சொன்ன விஸ்தீரணத்துக்கும் நான்கெல்லைக்கும் முரண் வந்தால் பொதுவாக நீதிமன்றங்கள் நான்கெல்லையைத்தான் எடுத்துக்கொள்கின்றன. சர்வே எண்ணைப் பொறுத்தவரை 1934-இல் இருந்த எண் இன்றும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. 1980-களில் யு.டி.ஆர். என்ற பதிவேட்டுச் சீரமைப்பு நடந்தபோது எண்கள் உட்பிரிவாகின. அப்போது நேர்ந்த பிழைகளைத் திருத்தச் சொல்லி இன்றும் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பழைய எண்ணுக்குப் புது எண் எது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வாங்குங்கள்.

பழைய பத்திரங்களில் மிச்சமுள்ள புரியாத சொற்களில் பாதி அரபியும் பாரசீகமும். தஞ்சாவூரில் மராட்டியர், ஆற்காட்டில் நவாப், அப்புறம் கம்பெனி என்று வருவாய் நிர்வாகம் கைமாறியதில் வந்து ஒட்டிக்கொண்டவை. தபசில் என்றால் விவரம், சொத்து விவரத்துக்கு அதுதான் தலைப்பு. கிஸ்தி தவணை. தாசில்தார் வசூல்காரர். மிராசு என்பது பரம்பரைப் பாத்தியம், நம் பழைய தமிழில் காணியாட்சி. அதே அரபு வேரிலிருந்து வந்ததுதான் நாம் தினமும் சொல்லும் வாரிசு. உங்கள் பத்திரத்தில் பசலி 1344 என்று இருப்பது பிழை அல்ல; பசலி என்பது வருவாய்த் துறையின் கணக்கு வருஷம். பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில வருஷம் கிடைக்கும். 1934 ஜூலை முதல் தேதி தொடங்கி 1935 ஜூன் முடிய ஒரு பசலி. பத்திரத் தேதியில் பவ வருஷம் ஆவணி மாதம் என்று இருப்பதோடு ஒத்துப்போகிறது, அதனால் தேதியில் சந்தேகம் வேண்டாம். ஆங்காங்கே ௸ என்று கொக்கி போல ஒரு குறி வந்தால் அது ‘மேற்படி’.

பட்டாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பட்டா என்பது தீர்வை யார் கட்டுகிறார் என்று சர்க்கார் வைத்திருக்கும் கணக்கு. அது உரிமை மூலம் அல்ல, நீதிமன்றங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. ஆனால் ஒன்றுக்கும் உதவாதது என்றும் நினைக்க வேண்டாம். சுந்தரரைத் தன் அடிமை என்று திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் கிழவராக வந்து வழக்காடிய சிவபெருமானிடமே சபையார் கேட்டது என்ன? ஆட்சி, ஆவணம், காட்சி மூன்றில் ஒன்றைக் காட்டு என்றார்கள். அனுபவ வழக்கம், எழுத்து, சாட்சி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய அந்த வழக்கை நடத்திய விதத்தில், மூல ஓலை எது, படி ஓலை எது, கையெழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது வரை, இன்றைய உரிமையியல் வழக்கின் வாசனை அடிக்கும். உங்கள் கையில் ஆவணம் இருக்கிறது. பட்டா, அடங்கல் (கிராமத்துச் சாகுபடிக் கணக்கு), கிஸ்தி ரசீது இவை ஆட்சிப் பக்கம் பேசும். பெட்டியில் அப்பா கிஸ்தி கட்டிய ரசீது ஒன்றிரண்டு கிடந்தாலும் எடுத்து வையுங்கள். துண்டுச் சீட்டு என்று எறிந்துவிடாதீர்கள்.

இனி 1951 ஒத்தி. ஈடு என்றால் நிலம் நம்மிடமே இருக்கும், கடனுக்குப் பிணை மட்டும். ஒத்தி அல்லது போக்கியம் என்றால் பணம் கொடுத்தவர் நிலத்தை எடுத்துக்கொண்டு வட்டிக்குப் பதிலாக விளைச்சலை அனுபவிப்பார். அசலைத் திருப்பியதும் நிலத்தை ஒப்படைக்க வேண்டும். மதுரைப் பக்கம் வீட்டை ஒத்திக்கு விடுகிறார்களே, அதே தத்துவம்தான். யாழ்ப்பாணத்தில் 1707 வாக்கில் டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையிலும் ஒற்றிக்குத் தனி இடம் உண்டு. அதாவது ஒத்தி விற்பனை அல்ல. எத்தனை வருஷம் ஆனாலும் அடமானம் அடமானமே.

“30 வருஷம் தாண்டினால் போச்சு” என்று ஊரில் சொல்வது காலவரையறைச் சட்டத்தை அரைகுறையாகக் கேட்டதால் வந்தது. 2014-இல் சிங் ராம் எதிர் ஷியோ ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம், சுவாதீனம் கொடுத்த அடமானத்தில் பத்திரத் தேதியிலிருந்து 30 வருஷம் ஓடிவிட்டது என்ற ஒரே காரணத்தால் மீட்கும் உரிமை போய்விடாது என்று தெளிவாக்கிவிட்டது. ஆகவே கதவு மூடவில்லை. ஆனால் துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். 1951-க்குப் பிறகு அப்பாவும் பெரியப்பாவும் அந்த 2 மாவை ஒத்திதாரருக்கே கிரயம் செய்து கொடுத்திருந்தால் கதை வேறு. அப்படி நடப்பது சகஜம். கூடுதலாகக் கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு சுத்த கிரயமாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ‘சுத்த’ என்ற அந்தச் சொல் அலங்காரம் அல்ல. திருப்பி எழுதித் தரும் கெடு, வாயிதா எதுவும் இல்லாத கிரயம் என்று பொருள். எனவே அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். 1975-க்குப் பிந்தையது பெரும்பாலும் இணையத்திலேயே கிடைக்கும். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். 1951 முதல் இன்றுவரை இடைவெளி இல்லாமல் கேளுங்கள். செலவைப் பார்த்து நடுவில் 20 வருஷத்தை விட்டுவிடாதீர்கள், நமக்கு வேண்டாத பத்திரம் சரியாக அந்த இடைவெளியில்தான் உட்கார்ந்திருக்கும்.

பெரியப்பா மகனிடம் உடனே வழக்கு என்று போக வேண்டாம் என்பது என் யோசனை. முதலில் அப்பாவின் இறப்புச் சான்றும் உங்கள் இருவர் பெயரில் வாரிசுச் சான்றும் எடுத்துக்கொண்டு, தாத்தா பெயரில் உள்ள பட்டாவைக் கூட்டுப் பட்டாவாக மாற்ற இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். உங்கள் பெயர் சேருவதற்கு அவர் ஆட்சேபணை செய்தால் அப்போது அவருடைய நிலைப்பாடு எழுத்தில் வந்துவிடும். செய்யாவிட்டால் உட்கார்ந்து பேசி, பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம். ஒத்தி நிலத்தை மீட்பதற்கு அவரும் வேண்டும், நீங்களும் வேண்டும். அந்த 2 மாவில் அவருக்கும் பாதி இருக்கிறது என்று ஞாபகப்படுத்துங்கள், பேச்சு கொஞ்சம் இறங்கி வரும். அதற்கும் மசியவில்லை என்றால் கும்பகோணம் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குப் போட வேண்டியதுதான்.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். 30 வருஷத்துக்கு மேற்பட்ட பத்திரம், இருக்க வேண்டியவர் கையிலிருந்து வந்தால், அதன் கையெழுத்தை உண்மையென்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம். பழைய சாட்சியச் சட்டத்தில் 90-ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய சாட்சிய சட்டத்தில் 92. 1934 பத்திரத்துக்குச் சாட்சி போட்டவர் யாரும் இன்று உயிரோடு இருக்க மாட்டார்கள், அதனால் உங்களுக்கு அந்தப் பிரிவுதான் துணை. பிளாஸ்டிக்கில் ஒட்டிவிட்டால் காகிதத்தையும் மையையும் முத்திரையையும் யாரும் தொட்டுப் பார்க்க முடியாது; எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நாமே ஒரு கேள்வியை எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும். பிரிக்கப் போனால் மையும் சேர்ந்து வரும். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட முத்திரைத்தாளின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். சார்பதிவாளர் கையால் எழுதிய குறிப்பில் 1 புத்தகம், இத்தனாவது வால்யூம், இந்த இந்தப் பக்கங்கள், இந்த வருஷத்து இத்தனாம் நம்பர் என்று இருக்கும். அந்த நாலு எண்ணையும் குறித்துக்கொண்டு போனால் சான்றிட்ட நகல் கிடைக்கும். ஊருக்கெல்லாம் காட்ட அந்த நகல் போதும். மூலத்தை மடிப்பு மாற்றாமல் பருத்தித் துணியில் சுற்றி, இரும்புப் பெட்டியில் அல்லாமல் மர அலமாரியில் வையுங்கள். மடிப்பில் கிழிந்திருந்தால் செல்லோ டேப் போடாதீர்கள். அண்ணன் பார்க்கக் கேட்டால் நகலைக் கொடுங்கள், மூலத்தை வீட்டை விட்டு வெளியே அனுப்பாதீர்கள்.